அயிரை ஊருக்கு வந்த அயலூர்க் கெளுத்தி

மதுரைக்கும் மீனுக்கும் உள்ள உறவு பழையது. பாண்டியர் கொடியில் மீன், ஊரை ஆளும் அம்மன் பெயரிலும் மீன். ஆனால், அந்த அம்மன் கோயிலின் பொற்றாமரைக் குளத்தில் மட்டும் மீன் கிடையாது. குளத்தில் மீன்களைப் பார்த்த நாரை ஒன்று, பசி இருந்தும் அவற்றைத் தின்னாமல் சிவனை வேண்டி முக்தி பெற்றது என்றும், தன் இனம் அந்தப் பாவத்தைச் செய்யாதிருக்க இந்தக் குளத்தில் மீனே வேண்டாம் என்று வரம் கேட்டது என்றும் திருவிளையாடற் புராணம் சொல்கிறது.

கோயிலைவிட்டு வெளியே வந்தால் ஊர் முழுக்க மீன்தான். கரிமேடு என்றாலே மீன் மார்க்கெட் நினைவுக்கு வரும். மெஸ்களின் பலகையில் அயிரை மீன் குழம்பு. இப்போது வீட்டுக் கூடங்களில் கண்ணாடித் தொட்டியும் சேர்ந்துவிட்டது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில்கூட, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு மீன்தொட்டியைப் பார்க்கலாம்.

அந்தத் தொட்டிகளின் அடித்தரையில் மீசையோடு மணலைக் கிளறிக்கொண்டு திரியும் சின்ன மீனுக்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கோரி'. முழுப்பெயர் கோரிடோராஸ். தென் அமெரிக்காவின் ஆறுகளையும் ஓடைகளையும் சேர்ந்த குட்டிக் கெளுத்தி. சண்டை போடாது, கூட்டமாகத் திரியும். வாங்கி வந்த சில வாரங்களில் இது செத்துப்போவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அயிரையைப் பற்றி மதுரைக்காரர்களுக்குத் தெரிந்ததைக் கோரிக்கும் பொருத்திப் பார்த்தாலே அந்தச் சாவில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடலாம்.

அயிரை சொல்லும் பாடம்

அயிரை விரல் நீளம்கூட இருக்காது. வாயைச் சுற்றி மீசை. ஆற்றிலும் கண்மாயிலும் வாய்க்காலிலும் மணலும் சேறும் கலந்த அடித்தரையில் கூட்டமாகக் கிடக்கும். மீசையால் தடவி, மணலை வாயில் அள்ளி, அதில் உள்ள சின்னஞ்சிறு உயிர்களைத் தின்றுவிட்டு மணலை வெளியே விடும். அதனால்தான் அயிரையைச் சமைப்பதற்குமுன் உயிரோடு தண்ணீரில் விட்டு, பால் ஊற்றி, உள்ளே இருக்கும் மண்ணைக் கக்கவைக்கிறார்கள். பிறகு கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவுவார்கள். உயிரோடு விற்றால்தான் அயிரைக்கு மதிப்பு. ஆட்டுக்கறியைவிடக் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கிப் போவார்கள்.

கொஞ்சம் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் நெருக்கமாகக் கிடந்தாலும் அயிரை உடனே சாவதில்லை. மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கீழே போகும். விழுங்கிய காற்றிலிருந்து குடல் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும்.

கோரி வேறு குடும்பத்து மீன். அயிரைக்கு நேர்ச் சொந்தம் கிடையாது. ஆனாலும், பிழைப்பு நடத்தும் விதம் அச்சாக அதுதான். அடித்தரை மணல், மீசை, கூட்டம், குடல் வழியாகக் காற்று எல்லாமே ஒன்றுபோல. உடம்பு மட்டும் மாறும். கோரிக்குச் செதில் இல்லை. ஓடு வேய்ந்ததுபோல் பக்கத்துக்கு இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் இருக்கும். கெளுத்திக்கு உள்ளதுபோல முதுகிலும் பக்கத் துடுப்புகளிலும் முள் உண்டு. வலையில் அள்ளும்போது இந்த முள் சிக்கிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தால் துடுப்பு கிழியும். கையில் குத்தினாலும் வலிக்கும். அதனால் ஒரு டம்ளரிலோ சின்னக் கிண்ணத்திலோ தண்ணீரோடு சேர்த்து மொள்வது நல்லது.

இதில் 150-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் ஒன்றான புள்ளிக் கோரியைச் சார்லஸ் டார்வின் தன் பீகிள் கப்பல் பயணத்தில் பிடித்துக் கொண்டுபோனார். 1842-ல் லியோனார்டு ஜெனின்ஸ் அதற்குப் பெயரிட்டார். கடைகளில் அதிகம் கிடைப்பது வெண்கல நிறக் கோரி. வெள்ளை உடம்பும் சிவப்புக் கண்ணுமாக விற்கப்படுவது பெரும்பாலும் அதே மீனின் நிறமில்லாத ரகம்தான். பெரும்பாலான கோரிகள் இரண்டு, இரண்டரை அங்குலம் வளரும். உடம்பில் நீலம், பச்சை, இளஞ்சிவப்பு என்று சாயம் ஏற்றிய மீனை வாங்க வேண்டாம். அந்த நிறம் நிற்காது. சாயம் ஏற்றிய வலியில் மீனும் நிற்காது.

கடையில் நடக்கும் பிழை

'இது தொட்டியைச் சுத்தம் பண்ணும், ஒண்ணு போதும்' என்று சொல்லி விற்பதில்தான் முதல் பிழை தொடங்குகிறது. கோரி, மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. பாசியையும் சுரண்டாது. மேலே போட்ட தீனியில் மிஞ்சி அடியில் விழுவதைத் தின்னும், அவ்வளவுதான். மேல்மீன்கள் எல்லாவற்றையும் தின்றுவிட்டால் அது பட்டினி.

ஒன்று போதும் என்பது அதைவிடப் பெரிய பிழை. மந்தையில் வளர்ந்த ஆட்டைத் தனியாகக் கட்டினால் கத்தும், மேயாது. கோரி கத்தாது. ஒரு மூலையில் ஒதுங்கும், தீனிக்கு வராது, இளைக்கும். குறைந்தது ஆறு மீன்களை, அதுவும் ஒரே வகையில் வாங்க வேண்டும். ஆறு சேர்ந்தால் பகலிலும் பயமில்லாமல் வெளியே வந்து வரிசையாக மணலைக் கிளறும். சுழலும் கண்ணைச் சிமிட்டுவதுபோல் காட்டும். பிள்ளைகள் விரும்புவது அதைத்தான். நன்றாக வைத்துக்கொண்டால் 5 முதல் 10 ஆண்டுகள் உயிரோடு இருக்கும். ஐந்தாம் வகுப்பில் பிள்ளை வாங்கிய மீன், அவன் கல்லூரிக்குப் போகும்போதும் தொட்டியில் இருக்கலாம்.

மதுரைத் தண்ணீர், மதுரை வெயில்

மீன் வாங்குவதற்கு முன்பே தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்க்க வேண்டும். இந்தச் சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் உப்புக் கரிக்கும். அது கோரிக்கு ஆகாது. மீனுக்கு நோய் வராமல் இருக்கக் கல்லுப்புப் போடச் சொல்லும் பழக்கமும் கடைகளில் உண்டு. மோலி மீனுக்கு அது சரிப்படலாம். கோரி உள்ள தொட்டியில் உப்புப் போடக்கூடாது. உப்புக் கரிக்கும் ஊர்களில், மொட்டைமாடியில் பிடித்து மூடிவைத்த மழைநீரில் பாதி, கிணற்று நீரில் பாதி என்று கலந்துகொள்ளலாம். முதல் மழையில் கூரைத் தூசி வரும். அதைப் பிடிக்காமல் விட்டுவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். வாளியில் ஒருநாள் திறந்துவைத்துக் காற்றுக்குழாயை ஓடவிட்டுப் பிறகு ஊற்றலாம்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் இருந்தால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். ஆறு கோரிக்கும், மேலே நீந்தும் பத்துப் பன்னிரண்டு சிறு கப்பி மீன்களுக்கும் அது போதும். தண்ணீர் எடை மட்டும் 56 கிலோ என்பதால் ஆடாத மேசை வேண்டும்.

அடியில் போடுவது நைசான ஆற்றுமணலாக இருக்க வேண்டும். ஓர் அங்குல கனத்துக்கு ஏழு, எட்டுக் கிலோ போதும். சலித்து, கழுவிய தண்ணீர் தெளிகிறவரை அலச வேண்டும். கட்டட வேலைக்கு வந்த எம்-சாண்ட் வேண்டாம். அது பாறையை உடைத்த மணல், விளிம்பு கூராக இருக்கும். வண்ணக் கல்லும் வேண்டாம். மணலைக் கிளறிக் கிளறி மீசை தேய்ந்து, புண்ணாகி, அழுகிப்போவதற்குக் கூரான தரையும் அடியில் சேரும் அழுக்கும்தான் காரணம். மீசை போன கோரியால் தீனியைத் தேட முடியாது.

புதுத் தொட்டியில் அன்றைக்கே மீனை விடக்கூடாது. யூரியா போட்ட வயலில் என்ன நடக்கிறது என்பது விவசாயிக்குத் தெரியும். அது அம்மோனியாவாக மாறி, மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறுகிறது. தொட்டியில் மீனின் கழிவுக்கும் அதே வழிதான். மண்ணில் அந்த நுண்ணுயிர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. புதுத் தொட்டியில் இருப்பதில்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகைத் தீனியைப் போட்டுவந்தால் நாலு முதல் ஆறு வாரத்தில் நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சில் குடியேறும். நன்றாக ஓடும் இன்னொரு தொட்டியின் ஸ்பாஞ்சைக் கொஞ்ச நாள் கடன் வாங்கிப் போட்டால் நாள் குறையும். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரிதான். அந்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும்.

வாரத்துக்கு ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை அடியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எடுத்த தண்ணீரில் நைட்ரேட் இருக்கும். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஊற்றலாம்.

அடுத்தது வெயில். பெரும்பாலான கோரிகளுக்கு 22 முதல் 26 டிகிரி வெப்பம் சுகம். மதுரையில் சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரியைத் தொடும்போது தொட்டித் தண்ணீரும் 30-ஐத் தாண்டும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. கோரி அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கத் தொடங்கும். ஒருநாளில் சில முறை அப்படி வருவது இயல்பு. ஓயாமல் வந்தால் ஏதோ சரியில்லை என்று பொருள். தொட்டியை மேற்குச் சுவர் ஓரத்திலும் தகரக் கூரைக்கு அடியிலும் வைக்கக்கூடாது. கோடையில் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலையைக் கட்டி, தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஐஸ் கட்டியைக் கொட்டினால் திடீர்க் குளிர்ச்சியே மீனைக் கொல்லும். வகை தேர்ந்தெடுக்கும்போது ஸ்டெர்பாய், வெண்கலக் கோரி ஆகியவை இந்த ஊருக்கு ஏற்றவை. பாண்டா கோரியும் டார்வின் பிடித்த புள்ளிக் கோரியும் குளிர்ச்சி விரும்பிகள். மதுரைக் கோடையில் அவற்றைக் காப்பாற்றுவது கஷ்டம்.

தீனி விஷயத்தில் கிராமத்து வீட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. மண்புழு உரக் குழியிலிருந்து சின்னப் புழு ஒன்றை எடுத்து, அலசி, பொடியாக நறுக்கிப் போட்டால் கோரிகள் மொய்த்துக்கொள்ளும். பூச்சிமருந்து அடித்த வயலிலிருந்து எடுக்கக்கூடாது. அடியில் அமிழும் குருணைத் தீனியை இரவு விளக்கணைத்த பிறகு போட்டால் மேல்மீன்கள் பறிக்காது. காலையில் தீனி மிஞ்சிக் கிடந்தால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும்.

ஃபிளவர்ஹார்ன் போன்ற முரட்டு மீன்களோடு கோரியைச் சேர்க்கக்கூடாது. நம் கண்மாயின் நாட்டுக் கெளுத்தியையும் சேர்க்க வேண்டாம். அதுவும் கூட்டமாகத் திரியும், தொட்டியில் அழகாகத்தான் இருக்கும். ஆனால், வளர்ந்தபிறகு இரவில் வாய்க்கு அடங்கிய மீனையெல்லாம் விழுங்கும்.

புதுத் தண்ணீர் வந்தால் முட்டை

மதுரையிலிருந்து கிழக்கே மேலூர் சாலையில் போனால், பெரியாறு பாசனக் கால்வாயும் கண்மாய்களும் கண்ணுக்கு எட்டும்வரை தொடரும். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் முடிந்தபிறகு மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் இந்தச் சமவெளிக்கு வந்தது. கள்ளந்திரி வரை இருபோகம், அதற்கு அப்பால் ஒருபோகம் என்று இங்கே உழவு பிரிந்துகிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, வரத்துக்கால்வாயில் செந்நிறமாகப் புதுத் தண்ணீர் வரும்போது மீன்கள் எதிர்த்து ஏறும். 'மீன் ஏறுது' என்று சொல்லிக்கொண்டு ஊரே வாய்க்கால் ஓரம் கூடும். குளிர்ந்த புது நீர்தான் முட்டையிடச் சொல்லி மீனுக்கு வரும் தாக்கீது.

கோரிக்கும் அதேதான். தொட்டியில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, இரண்டு, மூன்று டிகிரி குளிர்ந்த, உப்பில்லாத தண்ணீரை மெதுவாக ஊற்றினால், நன்றாகத் தின்று கொழுத்த மீன்கள் ஒன்றிரண்டு நாளில் ஓடிப்பிடிக்கத் தொடங்கும். மழைக்காலத்தில் இது இன்னும் சுலபம். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கு நல்லது. மேலிருந்து பார்த்தால் வயிறு அகன்றது பெண். வயிற்றுத் துடுப்புகளைக் கூப்பி அதில் சில முட்டைகளை ஏந்திக்கொண்டு போய், கண்ணாடியிலும் இலையிலும் ஒட்டும். திரும்ப வரும், இன்னும் சில. முடிந்ததும் பெற்ற மீன்களே தின்றுவிடக்கூடும். அதனால் முட்டைகளை விரலால் மெல்ல உருட்டி எடுத்து, அதே தண்ணீர் உள்ள தனிப் பாத்திரத்தில் காற்றுக்குழாயோடு வைக்க வேண்டும். வெள்ளையாகப் பூசணம் பிடித்ததை அன்றாடம் எடுத்துவிட வேண்டும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். பிறகு இரண்டு, மூன்று நாள் மஞ்சள்கருப் பையிலேயே ஓட்டும். அதன்பின் ஆர்ட்டீமியாக் குஞ்சு போன்ற உயிர்த்தீனி வேண்டும்.

இதைத் தொழிலாகச் செய்ய நினைக்கிற குடும்பங்கள் ஒரு விஷயத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் வண்ணமீன் தொழிலின் தலைநகரம் சென்னைக் கொளத்தூரும் அதைச் சுற்றிய பகுதிகளும். அங்கே நீண்டகாலமாக இதையே செய்பவர்களோடுதான் போட்டி. முதலில் கப்பி, மோலி போன்ற குட்டி போடும் மீன்களில் கை பழகிவிட்டுக் கோரிக்கு வருவது நஷ்டத்தைக் குறைக்கும். எந்தக் கடை வாங்கும், எந்த அளவில் வாங்கும் என்பதைத் தொட்டி கட்டுவதற்கு முன்பே பேசிவைக்க வேண்டும். புது சிமென்ட் தொட்டியில் காரம் இருக்கும். வாழைத்தண்டைத் துண்டு போட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றிய பிறகே மீன் விட வேண்டும்.

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுக் கொல்லையில் வண்ணமீன் வளர்க்கும் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் என்று செலவு நிர்ணயித்திருந்தார்கள். மானியம் பொதுப்பிரிவுக்கு 40 சதவிகிதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவிகிதம். இப்போதைய நிலவரத்தை மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே பணம் போட வேண்டும்.

கண்மாய்க்குப் போகக்கூடாதது

வண்ணமீன் வாங்கும் ஒவ்வொரு கிராமத்து வீடும் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு மீன் இருக்கிறது. கோரிக்குப் பக்கத்துத் தொட்டியில் 'டேங்க் கிளீனர்', 'சக்கர்' என்ற பெயரில் விற்கிறார்கள். அதுவும் தென் அமெரிக்கக் கெளுத்திதான், அதற்கும் உடம்பில் கவசத் தகடுகள்தான். இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம். வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும். சக்கரின் வாய் அடியில் வட்டமாக இருக்கும், கண்ணாடியில் அட்டைபோல் ஒட்டிக்கொள்ளும். கோரி கண்ணாடியில் ஒட்டாது. கடையில் இரண்டு அங்குலம் இருக்கும் சக்கர், ஒன்றரை அடி வரை வளரும். தொட்டியில் அடங்காமல் போனதும், கொல்ல மனமில்லாமல் 'எங்கேயாவது பிழைச்சுப் போகட்டும்' என்று கண்மாயில் விடுகிறார்கள்.

இரக்கத்தில் செய்வதுதான். ஆனால், அதன் விலையைக் கண்மாய் கொடுக்கிறது. கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு என்று பல மாநில நீர்நிலைகளில் இந்த மீன் பெருகிவிட்டது. நம் மீன்களின் முட்டை கிடக்கும் அடித்தரையையும் பாசியையும் சுரண்டுகிறது. முள்ளும் தகடும் வலையைக் கிழிக்கின்றன. கறிக்கு யாரும் வாங்குவதில்லை. எல்லாவற்றையும்விட, முட்டையிடக் கரையில் ஒரு மீட்டர் நீளம் வரை வளை தோண்டும். நண்டு வளை, எலி வளையாலேயே மழைக்காலத்தில் கரை கசிந்து இரவில் மண்மூட்டை சுமக்கும் ஊர்களுக்கு இதன் பொருள் நன்றாக விளங்கும்.

ஒரு கண்மாயோடு இது நிற்காது. மதுரைச் சமவெளியில் ஒரு கண்மாயின் கலுங்கில் மறுகால் பாயும் தண்ணீர்தான் அடுத்த கண்மாயின் வரத்து. மீறியது வைகைக்குப் போகும். வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய்ச் சேரும். மேலே ஒரு வீட்டில் விட்ட மீன், நாலு மழைக்காலத்தில் நாலு ஊர் தாண்டலாம்.

மேலூர், நத்தம், சிங்கம்புணரிப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், கச்சா, ஊத்தா, தூரி, பரி என்று கையில் கிடைத்ததோடு ஊர் பேதமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் இறங்குவார்கள். கட்லா, கெண்டை, விரால், கெளுத்தி, குரவை என்று அகப்பட்டதை விற்க மாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைப்பார்கள். விற்றால் அடுத்த வருடம் மழை பெய்யாது, மீன் பெருகாது என்பது நம்பிக்கை. அந்த ஊத்தாவுக்குள் கையை விடும்போது விரால் இருக்க வேண்டுமா, யாருக்கும் உதவாத சக்கர் இருக்க வேண்டுமா என்பது, ஊரில் மீன்தொட்டி வைத்திருக்கும் வீடுகளின் கையிலும் இருக்கிறது.

அதனால், வாங்கும்போதே வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்று கடையில் கேட்டுவிட வேண்டும். சக்கரை வாங்கவே வேண்டாம். பாசியைத் துணியால் துடைத்தால் போகும். கோரியோ கப்பியோ வேறெதுவோ, இனி வைத்துக்கொள்ள முடியாது என்றால், வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம் அல்லது வளர்க்கிற இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கலாம். கண்மாய், கிணறு, பண்ணைக்குட்டை, தெப்பக்குளம் எதிலும் விடக்கூடாது. செத்த மீனையும் வாய்க்காலில் போடாமல் தென்னைத் தூரில் புதைத்துவிடலாம்.